கதவுக்கு அந்தப் பக்கம் மேடம்

விடியலில் ஈன்றதிலிருந்து எங்கள் பூனை மேடம் கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய நான்கு குட்டிகளும் என் அறையில், ஓர் அட்டைப்பெட்டிக்குள், துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை ஒட்டிக் கிடந்தன.

பிரித்து வைத்தது நான்தான். போன ஈற்றில் ஐந்து பிறந்து மூன்று செத்தன. காரணம் தெரியவில்லை. இம்முறை சினையான பிறகுதான் டாக்டர் இரத்தம் சோதித்துச் சொன்னார். மேடத்தின் இரத்தம் ஒரு வகை, ஆண் பூனையின் இரத்தம் வேறு வகை. தகப்பனின் வகையில் பிறக்கும் குட்டிக்குத் தாயின் முதல் நாள் பாலே எமன். அது குட்டியின் இரத்தத்தை உடைத்துவிடும். தாயின் வகையில் பிறந்ததற்கு ஒன்றும் ஆகாது. எது எந்த வகை என்று பார்வைக்குத் தெரியாது. ஒரு நாள் கடந்துவிட்டால் எல்லாமே குடிக்கலாம்.

பூனை வளர்த்து விற்பது அம்மாவின் தொழில். அம்மா குட்டிகளுக்குப் பால் பவுடர் வாங்கப் போயிருந்தாள். அதுவரை சிரிஞ்சில் குளுக்கோஸ் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நானும், கைக்குழந்தையோடு அண்ணியும்தான். அண்ணியிடம், "கதவைத் திறக்காதீங்க" என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

"அது கத்துறப்பல்லாம் எனக்குப் பால் சுரக்குது," என்றாள் அண்ணி. "என் புள்ளை அழுதாக்கூட இப்படி இல்ல. நான் என்ன பூனை வம்சமா?"

சிரித்துவிட்டு, பாட்டிலுக்கு வெந்நீர் மாற்ற அடுப்படிக்குப் போனேன்.

கத்தல் நின்றது.

பாட்டிலைப் போட்டுவிட்டு ஓடினேன். கதவு திறந்திருந்தது. அண்ணி தரையில் உட்கார்ந்திருந்தாள். மேடம் ஒருக்களித்துப் படுத்திருக்க, நான்கில் சின்னதான பொடிசு மட்டும் முன்னங்கால்களால் மடியைப் பிசைந்து குடித்துக்கொண்டிருந்தது.

"பாரேன், என்னமாக் குடிக்குது! உன் சிரிஞ்சைக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கிச்சே."

பொடிசைப் பிய்த்து எடுத்தேன். அதன் வாயில் பால் நுரைத்திருந்தது.

"அண்ணி, அது விஷம்."

"எது? பாலா?"

திக்கித் திக்கிச் சொல்லி முடித்தேன். அவள் முகம் வெளுத்தது.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? வாயைத் திறந்தா முத்து உதிர்ந்திடுமா உனக்கு?"

டாக்டரைப் போனில் கூப்பிட்டேன். "ஈரப் பஞ்சால துடைச்சு ஒண்ணுக்குப் போகவிடுங்க. மஞ்சளா இருந்தா சரி. செவப்பாவோ, டீ நிறத்துலயோ வந்தா உடனே தூக்கிட்டு வாங்க. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பார்க்கணும்."

உள்ளே குழந்தை அழுதது. அண்ணி எழுந்திருக்கவில்லை. ரவிக்கை நனைந்திருந்தது.

"எனக்கும் அவருக்கும் ரத்தம் வேற வேற வகைதான்," என்றாள் மெதுவாக.

"மனுஷங்களுக்குப் பாலால அப்படி ஆகாது அண்ணி. சத்தியமா."

அதன் பிறகே குழந்தையை எடுத்தாள்.

அம்மா வந்ததும் வராததுமாக அண்ணியே முந்திக்கொண்டாள். "நான்தான் திறந்தேன் அத்தை."

அம்மா பையைக் கீழே வைத்தாள். பொடிசைப் புரட்டி, ஈறு வெளுத்திருக்கிறதா என்று பார்த்தாள். "என்னடி ரெண்டு பேரும் சிலை மாதிரி நிக்கிறீங்க? பஞ்சை நனைங்க."

துடைக்கும் வேலையை அண்ணி யாருக்கும் விடவில்லை. ஒவ்வொரு பஞ்சையும் ஜன்னலருகே கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தாள். மஞ்சள். மறுபடி மஞ்சள். மறுநாள் காலை ஒரு பஞ்சு சற்று அடர்ந்திருந்தது. வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தேன். மஞ்சள்தான். இரத்தத்தில் பொடிசு தாயைக் கொண்டிருந்தது.

சாயங்காலம் டாக்டர் போதும் என்றார்.

"திறங்க அண்ணி."

"நான் அந்தத் தாழ்ப்பாளத் தொட மாட்டேன்மா. நீயே திற."

திறந்தேன். மேடம் என்னைச் சட்டை செய்யாமல் பெட்டிக்குப் போனாள். ஒவ்வொன்றாகப் பிடரியைக் கவ்வி மூன்றைத் தூக்கிச் சென்றாள். பிறகு திரும்பி வந்து அண்ணியின் முன் நின்றாள். பொடிசு அண்ணியின் மடியில் இருந்தது. மேடம் ஒரு முறை கத்தினாள்.

அண்ணி பொடிசைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"குடுக்கலாமா?"