ஆயிரம் பேர் சொன்ன கோள்

மேடையில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மாவைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தலை நரைத்திருந்தது, அவ்வளவுதான். அதே இந்துமதி டாக்டர்.

தெரிந்திருந்தால் அருவங்காட்டுக்கு வந்திருக்கவே மாட்டேன். சம்பந்தி ஆகப்போகிற எல்லப்பன்தான் கூப்பிட்டார். வெடிமருந்து ஃபேக்டரியில் ரிட்டயர் ஆனவர்.

"எங்க குவார்ட்டர்ஸ்ல வளந்த ஒரு புள்ளை, இப்ப பெரிய டாக்டருங்க. பாராட்டு விழா வெச்சிருக்கறோம். மகளையும் கூட்டிட்டு வாங்க, நம்ம சனம் பாக்கட்டும்" என்றார். வருகிற ஞாயிறு அவர் மகன் பாலகுமாருக்கும் என் மகளுக்கும் நிச்சயதார்த்தம். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

என் மகள் கோகிலவாணிக்குச் சின்ன வயதில் இழுப்பு வந்தது. தலைக்குக் குளிக்கும்போது மட்டும். எங்கள் எஸ்டேட் குளிருக்குக் கொதிக்கக் கொதிக்கத்தான் ஊற்றுவோம். இரண்டு சொம்பு விழுவதற்குள் கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுக்கும். மந்திரித்தோம், கயிறு கட்டினோம். கடைசியில் இந்த அம்மா எங்கள் லயத்து வீட்டுக்கே வந்து, வெந்நீர் அண்டாவில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "தலைக்குச் சுடுதண்ணி ஊத்தாதீங்க, வெதுவெதுன்னு ஊத்துங்க" என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டரா என்று நினைத்தேன். இழுப்பு நின்றுவிட்டது, அது வேறு விஷயம்.

"உங்க பொண்ணைப் பத்தி எழுதிக்கட்டுங்களா? பேரு வெளிய வராது" என்று கேட்டார். என் பெண்சாதி கருப்பம்மாள் தலையாட்டிவிட்டாள். நான் நம்பவில்லை. எழுதுகிறவர்கள் பேரை விட்டுவிட்டா எழுதுவார்கள்? அதன்பிறகு இழுப்பு என்ற சொல்லையே எங்கள் வீட்டில் பேசியதில்லை. காலாகாலத்தில் மகளுக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா?

மைக்கில் ஒருவர் முழங்கினார். "குழந்தைகளுக்கு வர்ற வலிப்பு நோயில இருபது வருஷ ஆராய்ச்சி! எத்தனையோ கட்டுரை! அதுல முதல் கட்டுரை நம்ம மலையில, ஒரு தேயிலைத் தோட்டத்துச் சிறுமியைப் பத்தினது. அதை உலகம் பூரா ஆயிரம் பேருக்கு மேல மேற்கோள் காட்டியிருக்காங்க!"

எல்லாரும் கை தட்டினார்கள். கோகிலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மேற்கோள்னா என்னங்க?" என்று எல்லப்பனிடம் கேட்டேன்.

"இவங்க இப்பிடிச் சொல்லியிருக்காங்கன்னு மத்தவங்க எடுத்துச் சொல்றதுங்க."

கோள் சொல்வது எனக்குத் தெரியும். இங்கே சொன்னதை அங்கே போய்ச் சொல்வது. மேற்கோள் என்றால் அதற்கும் மேலே போலிருக்கிறது. ஆயிரம் பேர்! எழுந்துவிட்டேன்.

"ஏம்மா டாக்டரு! பேரு வெளிய வராதுன்னு சொல்லித்தான எழுதுனீங்க? எம் பொண்ணுக்கு இழுப்பு வந்ததை ஆயிரம் பேருகிட்டச் சொல்லிப்போட்டீங்களே, இது ஞாயமா?"

ஹாலே திரும்பிப் பார்த்தது. அப்போதுதான் உறைத்தது. நான் வாயைத் திறக்கும்வரை அந்தச் சிறுமி யார் என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியாது.

டாக்டரம்மா மைக்கை வாங்கினார். என்னைப் பார்த்தார், கோகிலாவைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியலீங்க. அந்தப் புள்ளை வேற ஊருங்க. ஆள் மாத்திப் பேசறீங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. எங்கள் அண்டாவில் கை விட்ட மனுஷி! "பொய்யி" என்று சொல்ல வாயெடுத்தேன். கோகிலா என் கையை நறுக்கென்று கிள்ளினாள். அந்த வலியில்தான் புரிந்தது. தனக்கு மாலை போட்ட மேடையிலேயே நின்று, அந்த அம்மா கருப்பம்மாளிடம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

எல்லப்பன் என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். "ஏனுங்க சம்பந்தி, தண்ணி போட்டுட்டா வந்தீங்க?"

பின்வரிசை சிரித்தது. பிறந்ததிலிருந்து நான் சாராயத்தைத் தொட்டதில்லை.

"ஆமாங்க. கொஞ்சம் ஜாஸ்தியாயிருச்சு" என்றேன்.

கூட்டம் முடிந்து வெளியே டீ கொடுத்தார்கள். டாக்டரம்மா என் பக்கம் திரும்பாமலே காரில் ஏறிப் போனார். தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். கோகிலா நேராக எல்லப்பனிடம் போய் நின்றாள்.

"மாமா, எங்கப்பா குடிக்க மாட்டாருங்க. அந்தப் புள்ளை நாந்தான்."

டீ என் கையில் கொட்டியது. சூடே தெரியவில்லை.

எல்லப்பன் அவளையே பார்த்தார். "இப்பவும் வருதா?"

"இல்லீங்க. சின்னப் புள்ளையில நின்னது. தலைக்குச் சுடுதண்ணி மட்டும் ஆகாது. பாலகுமார்கிட்ட இன்னிக்கே சொல்லிடறேன். அப்பறம் உங்க இஷ்டம்."

எல்லப்பன் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"கல்யாணம் தையிலம்மா. நலுங்கு வெச்சுத் தலைக்குப் பச்சத்தண்ணி ஊத்துனா வெறைச்சுப் போயிருவியே?"

"வெதுவெதுன்னு ஊத்தலாங்க மாமா."

"சரி, எங்க ஊட்டுப் பொம்பளைங்ககிட்ட நான் சொல்லிக்கறேன்."

நான் அவர் முகத்தையே துழாவினேன். உள்ளே வேறு ஏதாவது வைத்திருப்பார் என்று. என் பார்வை அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"ஞாயித்துக்கெழம காலையில வந்தர்றோங்க" என்றார். "நீங்க மட்டும் வாயத் தொறக்காம இருங்க, சம்பந்தி."