பத்து லட்சமாவது அடி

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கணவர் அவளுடைய ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தார். முப்பத்து நான்கு வருட தாம்பத்தியத்தில் அந்த நடையை அவள் நன்றாகவே படித்திருந்தாள்.

"என்னங்க, எதை உடைச்சீங்க?"

"உடைக்கல. எடுத்தேன். இதோ, திரும்ப வைக்க வந்துட்டேன்."

அறையின் நடுவே இரும்புச் சட்டத்தில் ஒரு செயற்கை முழங்கால் மூட்டு நொடிக்கு ஒரு முறை மடங்கி நிமிர்ந்துகொண்டிருந்தது. விரிசல் விடாமல் பத்து லட்சம் அடிகள் நடந்து காட்டினால்தான் அதை ஒரு மனிதரின் காலில் பொருத்தலாம். மூட்டை அழுத்த மேலே ஒரு தட்டு, தட்டில் பாரம். அந்தப் பாரம் வேறொன்றுமில்லை, அவள் வாங்கிய விருதுகள். எடைக்கல் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வராத வருடம், அலமாரியிலிருந்த ஆறு பித்தளைக் கேடயங்களையும் நிறுத்து, அடியில் எடையை எழுதி, தட்டில் அடுக்கிவிட்டாள். "சும்மா தூசி தின்னதுக்கு இங்க வந்து உழைக்கட்டும்" என்றாள். முதல் மூட்டுக்காக ஒன்று, குழந்தைகளுக்கான கைக்காக ஒன்று என்று நாடே அவளைக் கூப்பிட்டுக் கொடுத்தவை அவை.

இப்போது ஏழாவது, வாழ்நாள் சாதனை விருது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு விழா, ரயிலில் ஆறு மணி நேரம் தள்ளி. விழா மலரில் போட அவளுடைய முதல் விருதின் படம் கேட்டிருந்தார்கள். கணவர் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். மங்கிப்போன பித்தளையைப் படம் எடுக்க அவருக்கு மனசு வரவில்லை. போன வெள்ளி மாலை யாரும் இல்லாத நேரத்தில் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், இரண்டு நாள் தேய்த்து, ஜன்னலோர வெளிச்சத்தில் படம் எடுத்திருக்கிறார்.

"இடத்தைக் காலியா விடலைம்மா. எனக்கு அவ்வளவு தெரியாதா? ஸ்கூல்ல கொடுத்த என் கேடயத்தை அங்க வெச்சுட்டுத்தான் போனேன். ரெண்டும் ஒரே சைஸ்."

அவள் அவருடைய கேடயத்தைத் தட்டிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இருபத்தைந்து வருட சேவையைப் பாராட்டி, தங்கக் காகிதம் ஒட்டிய பிளாஸ்டிக்.

"இருநூறு கிராம் இருக்கும். என்னுது ரெண்டே முக்கால் கிலோ."

"பார்க்க நல்ல கனமாத்தான் தெரிஞ்சுது..." என்றவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அடிகளை எண்ணும் எண் பெட்டி எட்டரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. அதில் இரண்டேகால் லட்சம் பாரம் குறைந்த அடிகள்.

"அப்படியே விட்டுடலாமே மேடம்?" என்றாள் டெக்னீஷியன் பெண் மெதுவாக. "ரெண்டரை கிலோதானே."

"அந்த ரெண்டரை கிலோவைத்தான் தபால்காரர் பையில தூக்கிட்டு மாடி ஏறுவார். அப்ப மூட்டு விட்டுடுச்சுன்னா யாரு பிடிக்கறது, நீயா?"

இந்த மூட்டுக்காகக் காத்திருக்கும் தபால்காரர் விபத்தில் ஒரு காலை இழந்து எட்டு மாதம் ஆகிறது. வரும் திங்களன்று தபால் நிலையத்துக்கு நடந்து போய்க் கையெழுத்துப் போட்டால் பழைய தெருக்கள் அவருக்கே. இல்லாவிட்டால் முத்திரை குத்தும் மேசை, நிரந்தரமாக. அதற்கு முன் மூட்டைப் பொருத்தி நடந்து பழகவும் வேண்டும்.

அவள் இரண்டேகால் லட்சத்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டாள். புதன் விடிவதற்குள் முடிய வேண்டியது வெள்ளி மாலை ஐந்துக்குத் தள்ளிப்போயிருந்தது. இனிமேல் மெஷினைத் தனியே விட முடியாது, அதுவரை மணிக்கொரு தரம் பாரமும் சூடும் பார்த்து எழுத வேண்டும். இரவுகள் டெக்னீஷியனுடையவை. பகல் அவளுடையது.

"நான் விழாவுக்குப் போகல. விருதைத் தபால்ல அனுப்பச் சொல்லிடலாம்" என்றாள்.

"போகணும். கெடுத்தவன் நான், காவலும் நானே இருக்கேன்."

ஆறு விழாவிலும் அவர் இல்லை. முதல் முறை தேர்வுப் பணி, இரண்டாவது முறை மகளுக்கு அம்மை, அப்புறம் ரயில் தவறியது, குடலிறக்க ஆபரேஷன் என்று வரிசையாக ஏதாவது வந்து நின்றது. இந்த முறை முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டவென்றே புதுச் சட்டை தைத்து வைத்திருந்தார்.

"சட்டை?"

"இங்க போட்டுக்கறேன். மெஷின் பார்க்காதா?"

வெள்ளிக்கிழமை புதுச் சட்டையோடு ஸ்டூலில் உட்கார்ந்து மணிக்கொரு தரம் எழுதினார், ஓவிய வாத்தியாரின் அழகான கையெழுத்தில். மூன்று மணிக்குத் தபால்காரர் ஊன்றுகோலோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சார், நீங்க விழாவுக்குப் போகலையா?"

"நான் கிளம்பினாலே வீட்ல யாருக்காவது ஜுரம் வரும். நான் போகாததாலதான் அவளுக்கு இத்தனை விருது."

"அப்ப என் கல்யாணத்துக்கும் வந்துடாதீங்க சார்."

"நாற்பத்தாறு வயசுல யாருய்யா உனக்குப் பொண்ணு கொடுக்கறா?"

"கால் வரட்டும், பாருங்க."

இருவரும் சிரித்தார்கள். ஆனால் கண் எண் பெட்டியை விட்டு நகரவில்லை. ஐந்தை நெருங்க நெருங்க ஸ்டூலும் பெஞ்சும் மெஷினை நோக்கி நகர்ந்தன. கடைசி நூறு அடிகளை ஆசிரியர் உதட்டுக்குள் எண்ணினார்.

சத்தம் ஓய்ந்தது. பதினான்கு நாளாகப் பழகிய சத்தம் போனதும் சுவர்க் கடிகாரம் கேட்டது. இரவு முறைக்கு முன்னதாகவே வந்திருந்த டெக்னீஷியன் மூட்டைக் கழற்றி, விரிசலைக் காட்டிக்கொடுக்கும் சாயம் தடவி, துடைத்து, விளக்கடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். ஒரு பக்கம். மறு பக்கம். தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரு கீறல்கூட இல்ல சார்."

ஆசிரியர் போனை எடுத்தார். முதல் மணியிலேயே மனைவி எடுத்துவிட்டாள். பின்னால் ஒலிபெருக்கியின் இரைச்சல்.

"நின்னுடுச்சு" என்றார்.

"உடைஞ்சு நின்னுச்சா, முடிஞ்சு நின்னுச்சா?"

"முடிஞ்சு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"என்னம்மா?"

"கூப்பிடறாங்க. வெச்சிடாதீங்க. கையில பிடிச்சுக்கிட்டே ஏறுறேன்."

போனை மேசையில் வைத்து ஒலியைக் கூட்டினார். யாரோ கணீரென்று வாசித்தார்கள். முதல் மூட்டு, குழந்தைகளுக்கான கை, ஆறு விருதுகள். பிறகு படியேறும் செருப்புச் சத்தம். பிறகு மழை கொட்டுவது போலக் கைதட்டல்.

ஆசிரியர் ஸ்டூலை விட்டு எழுந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து நின்று, பலமாகக் கைதட்டினார். தபால்காரரும் டெக்னீஷியனும் சேர்ந்துகொண்டார்கள். போனில் சத்தம் ஓய்ந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. ஆறு விழாவின் பாக்கி இருந்தது அவரிடம்.