பதினேழு படி தூரத்தில் வெளிநாடு

மனித குலம் இன்று எட்டியிருக்கும் உயரங்கள் அனைத்தும், வீட்டின் சௌகரியத்தை உதறிவிட்டுத் தொலைதூரம் புறப்பட்ட துணிச்சல்காரர்கள் தந்த கொடை. இந்தக் கதையில் வரும் இளம் தம்பதியரும் அப்படித்தான் புறப்பட்டார்கள். அவர்கள் எட்டிய உயரம் பதினேழு படி.

வழியனுப்பு விருந்து முடிந்த மறுநாள் காலை. மாமனார் கூடத்தில் பாஸ்புக்கை மடியில் வைத்து, அதன்மேல் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். டிக்கெட் எடுக்கப் பணம் வேண்டும் என்று மருமகள் இரண்டு தடவை சொல்லிவிட்டாள். இரண்டு தடவையும் அவர் விளையாட்டுப் பக்கத்தில் ஆழ்ந்துபோனார். விளையாட்டில் அவருக்கு எந்த அக்கறையும் கிடையாது.

அவள் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் வார்த்து, மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, ஈறுக்கு நிறம் பார்ப்பது அவள் தொழில். கணவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். ஒரே ஒரு வருஷம் வேறொரு நாட்டில் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. படிக்க அல்ல, சம்பாதிக்கவும் அல்ல. ஓர் அறை எடுத்துத் தங்கி, தெரியாத தெருக்களில் நடந்துவிட்டுத் திரும்புவதற்கு. அதற்காக மூன்று வருஷம் ஒரு சினிமா பார்க்கவில்லை, ஒரு புதுச் செருப்பு வாங்கவில்லை.

இருவரின் சம்பளமும் மாதாமாதம் மாமனார் கையில் போய்ச் சேர்ந்தது. அது அந்த வீட்டு மரியாதை. அவள் சம்பளம் கணவனுடையதைப் போல ஒன்றரை மடங்கு என்பதால் அவள் செலுத்திய மரியாதையும் ஒன்றரை மடங்கு. தன் பேரில் ஒரு கணக்குத் தொடங்கலாமா என்று கல்யாணமான புதிதில் அவள் கேட்டதுண்டு. மாமியார் பதறிப்போனாள். "பொம்பளை பேர்ல கணக்கு இருந்தா, இந்த வீட்ல ஆம்பளையே இல்லன்னு பேங்க்ல நெனச்சுக்குவாங்கம்மா."

பேங்க்கில் யாரும் தப்பாக நினைத்துக்கொள்ளாதபடி பணம் மாமனார் பேரிலேயே வளர்ந்தது. அவர் ஓய்வுபெற்ற தலைமை குமாஸ்தா. தெருக் குடியிருப்போர் சங்கத்தின் தலைவரும்கூட. எதிர்த்து நிற்க யாருக்கும் நேரமில்லாததால் ஒன்பது வருஷமாக ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தார். மகனையும் மருமகளையும் வழியனுப்ப மண்டபம் பிடித்தார். டிக்கெட் எடுத்த பிறகு வைத்துக்கொள்ளலாமே என்றதற்கு, மண்டபம் அந்தத் தேதியில்தான் காலி என்றார். நானூறு பேர் சாப்பிட்டார்கள். வாசலில் இரண்டு மாடி உயரத்துக்குப் பேனர் வைத்திருந்தது. அதில் தம்பதியர் கீழே சின்னதாகவும், அவர் மேலே பெரிதாகவும் இருந்தார்கள்.

"எவ்வளவு மிச்சம் இருக்கு மாமா?" மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

செய்தித்தாள் மெல்ல இறங்கியது. மிச்சமிருந்த தொகைக்கு ஓர் ஆள் பாதிக் கடல் வரைக்கும் போகலாம்.

அவள் அழவில்லை. நாளைக்கே பழைய வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். மாமனார் முகம் வெளிறிவிட்டது. "நானூறு பேர் முன்னாடி வழியனுப்பியாச்சு. இனிமே நீங்க இங்க இருக்கறது நல்லா இருக்காது."

இப்படித்தான் அந்த முடிவு பிறந்தது. வாடகைக் காரில் பெட்டிகளோடு ஏறி, தெருவெல்லாம் கையசைத்து, பஸ் நிலையத்தில் இறங்கிக்கொண்டு, இருட்டியதும் பின்வாசல் வழியாகப் பதினேழு படி ஏறி மாடி அறைக்கு வந்து சேர்ந்தார்கள். கணவன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவளைத் தேற்றினான். "ஒரு வருஷம்தானே. எப்படியும் ஒரு வருஷம் போறதாத்தானே இருந்தோம்."

மாமனார் எதையும் அரைகுறையாகச் செய்பவர் அல்ல. சுவரில் இன்னொரு கடிகாரம் மாட்டி, அந்த நாட்டு நேரத்தை வைத்தார். மாமியார் அதைப் பார்த்துத்தான் சாப்பாடு எடுத்து வந்தாள். பகல் பதினொரு மணிக்கு மருமகள் டீ கேட்டால், "அங்க இப்ப தூங்கற நேரம்மா" என்று கவலையோடு சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். ஜன்னல் திறக்கக் கூடாது. இருமினால் தலையணையில் இரும வேண்டும். அக்கம்பக்கத்தார் பேச ஆசைப்பட்டால், ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து வீடியோவில் பேச வேண்டும். அடுத்த தெருக் கடையில் மாமியார் மொத்தமாக வாங்கி வந்த மிட்டாய், மகன் அனுப்பியதாக வீடு வீடாகப் போயிற்று. எல்லோரும் சுவைத்துப் பார்த்துவிட்டு, இங்கே இப்படி ஒரு பண்டம் எங்கே கிடைக்கிறது என்றார்கள்.

ஆறாவது மாதத்தில் கணவன், "ஊருக்குத் திரும்பினதும் முதல்ல முடி வெட்டிக்கணும்" என்று சொன்னான். அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எட்டாவது மாதத்தில் அந்த மிட்டாயை மாமனாரே கடித்தார். வந்திருந்த விருந்தாளிக்கு அதன் உயர்வை நிரூபிப்பதற்காகக் கடித்தார். மேல்பல் செட் நடுவில் இரண்டாகப் பிளந்தது. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனவர் வெளியே வரவில்லை. அன்று மாலை ஐந்து மணிக்குச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். 'என் மகனின் வெளிநாட்டு வாழ்க்கை' என்ற தலைப்பில் அவர் பேசுவதாக நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. பல் ஆஸ்பத்திரியில் மூன்று நாளாகும் என்றார்கள்.

மாமியார் மாடிக்கு ஓடினாள். மருமகள் இறங்கி வந்து, இரண்டு துண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பொருத்திப் பார்த்தாள். அவள் வேலை பார்த்த பல் செட் கூடத்துக்குக் கொண்டுபோனால் இரண்டு மணி நேர வேலை.

மாமனார் வாய் திறக்கவில்லை. செய்தித்தாள் ஓரத்தில் எழுதிக் காட்டினார்: பின்வாசல்.

"முன்வாசல் மாமா."

இருட்டிய பிறகு, என்று எழுதினார்.

"கூட்டம் அஞ்சு மணிக்கு."

அவர் பேனாவை மூடினார், திறந்தார்.

"இன்னிக்கே வேலையில சேர்ந்துக்கறேன். அங்க ஆள் இல்லாம திண்டாடறாங்களாம். இனிமே என் சம்பளம் என் பேர்ல தொடங்கற கணக்குக்குத்தான் போகும். சரின்னு எழுதுங்க."

குடும்பம், பரம்பரை, பெண்ணுக்கு அழகு என்று அவர் மூன்று வரி எழுதினார். அவள் படிக்காமல் பல்லைத் துணியில் சுற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அவர் அந்த மூன்று வரியையும் அடித்துவிட்டு, 'சரி' என்று எழுதினார். அவள் அந்த ஓரத்தை மட்டும் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்க் கணவனையும் கூப்பிட்டாள்.

அவனுக்கு அவள்மேல் வருத்தமே வந்துவிட்டது. "நான் எப்படி வர்றது? இன்னும் நாலு மாசம் இருக்கே. பாதியில திரும்பினா அங்க ஏதோ தப்புப் பண்ணிட்டு வந்துட்டோம்னு பேசுவாங்க."

அவள் தனியாகவே முன்வாசலைத் திறந்தாள். வெயிலில் கண் கூசியது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். "எப்பம்மா வந்தே?"

"நான் போகவே இல்லக்கா. எட்டு மாசமா மாடியிலதான் இருந்தேன். மூணு வருஷம் சேத்த பணத்தை அன்னிக்கு விருந்துல சாப்பிட்டாச்சு."

தையல்காரம்மா கையிலிருந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள். "நானும்தான் சாப்பிட்டேன். ரெண்டாவது பந்தியிலயும் உக்காந்தேன்."

மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஐந்து மணிக்கு மாமனார் ஒட்டிய பல்லோடு மேடையேறி, அந்த நாட்டுக் குளிரைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். எல்லோரும் மரியாதையாகக் கைதட்டினார்கள். தலைவராகவும் மறுபடி ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மருமகள் மாதச் சம்பளத்தைத் தன் கணக்கில் போட்டாள். ஒரு டிக்கெட்டுக்கு எத்தனை மாதமாகும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். இரண்டு டிக்கெட்டுக்குக் கணக்குப் போடச் சொல்லி யாரும் அவளிடம் கேட்கவில்லை.

கணவன் மீதி நான்கு மாதத்தையும் வெளிநாட்டிலேயே முடித்துவிட்டுத்தான் இறங்கினான். வரவேற்பு விருந்துக்கு அவளிடம் பணம் கேட்டார்கள். அவள் கொடுக்கவில்லை. அதனால் மண்டபம் இல்லை. விருந்து வீட்டுக் கூடத்தில் நடந்தது. மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர்.