அரை அங்குலம்

என் தங்கை குட்டையாகிக்கொண்டு வருகிறாள் என்பது முதலில் அவளுடைய பேன்ட்டுக்குத்தான் தெரிந்தது.

ஒரு பெரிய ஓட்டலின் கீழ்த்தளத்தில் ஊழியர்களுக்குச் சீருடை தைப்பது என் வேலை. பக்கத்து அறையில் போர்வைகளை இஸ்திரி போட்டு மடிப்பது அவள் வேலை. யார் யார் காலிலோ விழுந்து அதை வாங்கிக் கொடுத்தவள் நான்தான். இடையில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும். அவள் தும்மினால் எனக்குக் கேட்கும்.

"அக்கா, கால் தரையைக் கூட்டுது. கொஞ்சம் ஏத்தி அடிச்சுக் கொடு" என்று வந்தாள். துணியை வெட்டாமல் உள்ளே மடித்து அரை அங்குலம் ஏற்றினேன். பத்தே நாளில் மறுபடி வந்தாள். "தண்ணி ஊத்தி வளக்குறியாடி இதை?" என்று கேலி பேசிக்கொண்டே இன்னோர் அரை. மூன்றாம் முறை வந்து நின்றபோது எனக்குக் கேலி வரவில்லை.

அளவெடுக்கும்போது ஆளைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு நேரே பென்சிலால் கோடு போடுவது என் பழக்கம். அவளை அங்கே நிறுத்தினேன். வேலைக்குச் சேர்ந்தபோது போட்ட அவளுடைய கோட்டுக்கும் உச்சந்தலைக்கும் நடுவே ஓர் அங்குலத்துக்கு மேல் வெறும் மரம் தெரிந்தது. டேப்பை மாற்றி அளந்தேன். செருப்பைக் கழற்றச் சொன்னேன். அவள் செருப்பே போட்டிருக்கவில்லை. இருபத்தாறு வயதில் யாருக்காவது உயரம் குறையுமா?

"உடம்புக்கு என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா" என்றாள். குரலும் கொஞ்சம் குறைந்துதான் இருந்தது.

எங்கள் சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் மிளகாய். சாயங்காலம் நாலு மணிக்கு என் அறையில்தான் டீ. நான், தங்கை, துணி வண்டி ஓட்டும் டிரைவர் அண்ணன், சலவை மிஷின் பார்ப்பவர் என்று நாலு பேர். மிளகாய் வந்து நின்றால் யாராவது ஒருவர் அன்றைக்குப் பலி. ஒரு மாதமாகத் தங்கைதான். "நம்ம பாப்பா மடிச்ச போர்வையைப் பாத்துட்டு ரூம்லேருந்து போன் வருது, உள்ள யாரோ படுத்திருக்காங்கன்னு" என்பான், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். நாங்கள் மூவரும் சிரிப்போம். ஆமாம், நானும்தான். கூடப்பிறந்தவள் தலையைக் குனிந்து டம்ளரையே பார்த்துக்கொண்டிருக்க, நான் பல்லைக் காட்டினேன். சிரிக்காவிட்டால் அடுத்தது நம் தலை என்ற பயம். வெட்கங்கெட்ட பயம்.

தினமும் அவளை அளக்க ஆரம்பித்தேன். ஒருநாள் மிளகாய் இஸ்திரி அறைக்கே போய் அவளைத் தனியாக வாட்டி எடுத்தான். தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. அன்று அவள் துளிகூடக் குறையவில்லை. மறுநாள் டீ நேரத்தில் அதையே எங்களிடம் சொன்னான். நாங்கள் சிரித்தோம். அவள் குறைந்தாள்.

துவைத்ததில் சுருங்கிவிட்டது என்று போன வாரம் என் பேன்ட்டை நானே அரை அங்குலம் இறக்கித் தைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கதவு நிலையில் சாய்ந்து, தலைமேல் அடிக்கோலை வைத்துப் பார்த்தேன். என் கோட்டைத் தாண்டி அரை அங்குலம் வளர்ந்திருந்தேன். புதுச் சீருடை வருகிறது என்று புளுகி மற்ற இருவரையும் நிறுத்தினேன். ஆளுக்கு அரை அங்குலம் கூடியிருந்தது. தங்கை இழந்தது மொத்தம் ஒன்றரை. அதே சாக்கில் மிளகாயையும் அளந்தேன். அவன் மட்டும் மயிரிழை பிசகாமல் தன் கோட்டிலேயே நின்றான். அவன் தனக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அவளை வெட்டி எங்களுக்குத்தான் பரிமாறியிருக்கிறான். நாங்களும் தின்றிருக்கிறோம்.

மறுநாள் டீ நேரத்தில் அவன் போர்வைக் கதையை மறுபடி எடுத்தான். டிரைவர் அண்ணனுக்கு வாய் விரிய ஆரம்பித்தது. நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எந்த ரூம் சார்?"

"என்னது?"

"போன் வந்துச்சுன்னீங்களே. எந்த ரூம்லேருந்து?"

"அட, சும்மா தமாஷுக்கு..."

"எனக்குப் புரியல சார். எந்த இடத்துல சிரிக்கணும்னு சொல்லுங்க, சிரிக்கிறேன்."

மிளகாய் விளக்கப் பார்த்தான். போர்வை என்றான், உள்ளே ஆள் என்றான். சொல்லச் சொல்ல அதில் ஒன்றுமே இல்லாமல் போனது. டிரைவர் அண்ணனின் வாய் மூடிக்கொண்டது.

மிளகாய் நிதானமாக என் பக்கம் திரும்பினான். "பட்டனைக் கொண்டுபோய் காஜா பக்கம் தச்சவங்களுக்குத் தமாஷ் எங்க புரியும்? கண்ணுதான் போச்சுன்னு பாத்தேன். மூளையுமா?"

ஆண்கள் இருவரும் சுவரைப் பார்த்தார்கள். அந்த அமைதியில் ஒரே ஒரு சிரிப்பு, மெல்லிசாக, அவசரமாகக் கேட்டது. சிரித்தது என் தங்கை.

என் முழங்கால்களுக்குள் ஏதோ நழுவியது. வலிக்கவில்லை. என் பேன்ட்டின் விளிம்பு சத்தமில்லாமல் தரையில் வந்து படிந்தது. எதிரே தங்கையின் கணுக்கால் மெல்ல வெளியே தெரிந்தது. மிளகாய் என் முகத்தைப் பார்க்கவில்லை, நேரே என் காலைத்தான் பார்த்தான். இவனுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று அப்போது புரிந்தது. திரும்பிப் போய்விட்டான்.

தங்கை ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "அக்கா, பயத்துல சிரிச்சுட்டேன். சத்தியமா பயத்துலதான்."

"நானும் அப்படித்தான்டி சிரிச்சேன்."

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அவளைக் கதவு நிலையில் நிறுத்தி அளந்து காட்டினேன். மூன்று பேருக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். நான் என் கோட்டுக்கு இறங்கியிருந்தேன். அவளுக்கு இன்னும் ஓர் அங்குலம் வர வேண்டியிருந்தது.

டிரைவர் அண்ணன் ஓரடி முன்னால் வந்தார். "நாளைக்கு எந்த ரூம்னு நான் கேக்கறேன். அவன் என்மேல பாயட்டும். பாப்பா சிரிச்சுக்கட்டும்."

தங்கை அவரை நிமிர்ந்து பார்த்தாள். அப்படி அவள் பார்த்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"வேணாம்ணே. இனிமே நான் சிரிக்க மாட்டேன். அந்த ஒரு இஞ்ச் உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவள் பேன்ட்டின் மடிப்பைப் பிரித்து அரை அங்குலம் இறக்க உட்கார்ந்தேன். சலவைக்காரர் தன் டம்ளரை வைத்துவிட்டு வெளியேறினார். பின்னாலேயே போன டிரைவர் அண்ணன் கதவருகே வந்ததும் இடித்துவிடாதபடி தலையைக் குனிந்துகொண்டார். நிலை அவர் தலைக்கு மேல் இன்னும் ஒரு சாண் உயரத்தில் இருந்தது.