பானெட் திறந்திருந்த பதினொரு நிமிடம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, கிடைத்தது. 1996-இல் ராஜபாளையத்தில் ஒரு பழைய அம்பாசிடர் வாங்கினேன். டேஷ்போர்டுக்குள் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிய ஒரு நோட்டு கிடந்தது. வண்டியை விற்ற அழகுத்தாய் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவளிடமே கொடுத்திருப்பேன், எனக்கும் இந்த அவஸ்தை வந்திருக்காது.

அவள் பேண்டேஜ் துணி ஆலை ஒன்றில் கிளார்க். வண்டி அவளுடைய அப்பா உக்கிரபாண்டியுடையது. ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வுபெற்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகைக்கு இந்தக் காரை ஓட்டியவர். இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சாவியைத் தரும்போது அவள் சொன்னாள்: “சார், எங்கப்பா மாதிரி தெனமும் பானெட்டத் தொறந்து வச்சிக்கிட்டு நிக்காதீங்க. அதுலதான் எங்கம்மா போனா.”

நான் கதை எழுதுகிறவன் என்று தெரிந்ததும், “எங்க மில்லுக்கும் பத்திரிகை வரும் சார், கதையெல்லாம் விடாமப் படிப்பேன்” என்றாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கங்கள்:

“உக்கிரபாண்டி கடமை தவறாத ஒரு”
(வேண்டாம். இரங்கல் கூட்டத்தில் பேசுவது போலிருக்கிறது.)

“ஸ்ரீவில்லிபுத்தூரில் கோழி கூவுவதற்கு முன்பே”
(கோழி கூவி நான் கேட்டு வருஷக்கணக்காகிறது.)

நோட்டின் முதல் பக்கத்திலேயே தொடங்கிவிடுகிறேன். அவர் கையெழுத்து: “வண்டியைப் பார்க்கும் முன் வண்டி நின்ற தரையைப் பார்.” எண்ணெயோ தண்ணீரோ ஒழுகியிருந்தால் தரை சொல்லிவிடும். அப்புறம் என்ஜின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் தண்ணீர். ஆயில் கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்ப்பது. ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்துவது. பேட்டரி, பிரேக் ஆயில், டயர். ராணுவத்தில் இதற்குப் பெயர் ஃபர்ஸ்ட் பரேட். அது முடியாமல் அங்கே வண்டி நகராது. இவருடைய கணக்கில் இங்கேயும் நகராது.

(எனக்கு வண்டி ஓட்டத் தெரியுமே தவிர வண்டியைத் தெரியாது. பெட்ரோல் போட்டால் போதும் என்று நினைக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். எனக்கு வண்டி பார்க்கக் கற்றுக்கொடுத்தது இந்த நோட்டுதான்.)

3

1989 ஜூன், ஞாயிற்றுக்கிழமை. ஆலங்குளத்தில் ஒரு கல்யாணத்துக்கு உக்கிரபாண்டி பஸ்ஸில் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினார். அழகுத்தாய்க்கு அப்போது பத்தொன்பது வயது. வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“யப்பா, ரேடியேட்டர் தண்ணிய மாத்திட்டேன். கீழ டேப்பத் தொறந்து பழசு அம்புட்டையும் விட்டேன். ஒரே துரு.”

“நீயாவா செஞ்ச?”

“பின்ன, அம்மாவா செஞ்சா?”

அவர் மனைவி மாடத்தியைக் கூப்பிட்டு, “கேட்டியா ஒம்மக செஞ்சத?” என்றார். அவர் முகத்தில் அத்தனை பெருமையை அதற்கு முன் பார்த்ததில்லை என்று அழகுத்தாயே என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

4

மறுநாள் காலை ஆறரை மணிக்கு மாடத்திக்கு நெஞ்சுவலி. வேர்த்துக் கொட்டியது. அழகுத்தாய் அம்மாவைப் பின்சீட்டில் ஏற்றி, தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உக்கிரபாண்டி வண்டிக்கு முன்னால் போய் பானெட்டைத் தூக்கினார். கண்ணாடி மறைந்துவிட்டது. அவர் என்ன செய்கிறார் என்று உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

“யப்பா! தண்ணி நேத்துதான மாத்துனேன்! அம்புட்டும் சரியாத்தான் இருக்கு, வண்டிய எடுங்க!”

“செத்த பொறு தாயி.”

“இப்பப் போயி என்ன பரேட்டு?”

மாடத்தி மகள் கையைப் பிடித்து, “ஏட்டி, விடு. அவிய பாத்துட்டு வரட்டும்” என்றாள். அவள் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

பதினொரு நிமிடம். அழகுத்தாய் கையில் கடிகாரம் கட்டியிருந்தாள்.

வண்டி எங்கேயும் மக்கர் பண்ணாமல் போய்ச் சேர்ந்தது. டாக்டர், “கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாம்” என்றார். வராந்தாவில் நின்ற அப்பாவிடம் அவள் கேட்டாள்: “ஒங்க பரேட்டு முடிஞ்சிருச்சா?”

அதற்கப்புறம் ஏழு வருஷம் அவரோடு அவள் பேசவில்லை. ராஜபாளையத்திலேயே வேலை தேடிக்கொண்டாள். அவர் இரண்டு தடவை மில் வாசலில் வந்து நின்றார். இரண்டு தடவையும் அவள் பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

5

இதுவரை அவள் சொன்னது. இனி நோட்டு.

தினமும் வண்டியில் பார்த்ததைத் தேதி போட்டு எழுதியிருக்கிறார். எந்த நாளிலும் அடித்தல் திருத்தல் இல்லை. அந்தத் திங்கட்கிழமைப் பக்கத்தில் மட்டும் ஒன்றரை வரியைப் பேனாவால் குறுக்கும் நெடுக்கும் அடித்திருக்கிறார். கீழே “எல்லாம் சரி” என்று எழுதியிருக்கிறார். அடித்தது தெரியவில்லை. ஆனால் அழுத்தி எழுதும் கை அவருக்கு. தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன்.

[தரை ஈரம். ரேடியேட்டர் காலி. கீழ் டேப் சரியாக மூடவில்லை. மூடி, ஏழு லிட்டர் ஊற்றினேன்.]

ராத்திரி முழுக்கச் சொட்டியிருக்கிறது. பார்க்காமல் எடுத்திருந்தால் என்ஜின் கொதித்து, வண்டி பாதி வழியில் நின்றிருக்கும். காலி ரேடியேட்டரைப் பார்த்த அந்த நொடியில், பின்சீட்டிலிருந்து மகள் கத்துகிறாள், நேத்துதான மாத்துனேன் என்று. “செத்த பொறு” என்றதோடு சரி, காரணத்தைச் சொல்லவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலும் சொல்லவில்லை, மில் வாசலில் நின்றபோதும் யாரிடமும் சொல்லி அனுப்பவில்லை.

நான் என்னைக் கதாசிரியன் என்று சொல்லிக்கொள்கிறேன். வாழ்நாளில் ஒரே ஒரு பொய் எழுதி, அதற்காக மகளை இழந்தவர் அவர். “எல்லாம் சரி” என்ற அந்த இரண்டு வார்த்தைக்கு முன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

6

டேப் தானாகத் தளர்ந்தது என்று எழுதிப் பார்த்தேன். கல் அடித்திருக்கலாம். ஆனால் அவள் தண்ணீர் மாற்றிய பிறகு வண்டி நகரவே இல்லை. கல் எங்கிருந்து வரும்?

முடிவுகள்:

அ) நோட்டை அவளுக்குத் தபாலில் அனுப்புவது. அப்பா மேல் இருந்த பழி நீங்கிவிடும். அது போய் உட்காரும் இடம் அவள் தலை.

ஆ) நோட்டை எரிப்பது. செண்பகத்தோப்பு போகும் வழியில் ஒருநாள் தீப்பெட்டியோடு இறங்கினேன். குச்சியைக் கிழித்தேன், அணைத்தேன், வண்டியில் ஏறித் திரும்பிவிட்டேன்.

இ) பெயர்களை மாற்றிக் கதையாக எழுதுவது. மாற்றிவிட்டேன். ஊரையும் மாற்றிப் பார்த்தேன், ஒட்டவில்லை. எப்படி எழுதினாலும் அந்த அடித்த வரி உள்ளே வந்துவிடுகிறது. அது இல்லாவிட்டால் அவர் மனைவியைக் காக்கவைத்த கிறுக்கர் மட்டும்தான். அப்படி அவரை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

7

இதைப் படிக்கிறீர்கள் என்றால், நான் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன் என்று அர்த்தம். சரியா தப்பா என்று தெரியாமல்தான் அனுப்பினேன். எனக்குத் தெம்பு அவ்வளவுதான்.

ராஜபாளையத்தில் மில் விட்டு வருகிற ஒரு பெண், கையில் இந்தப் பத்திரிகையோடு உங்களிடம் வரலாம். “இது கதைதான? அந்த வண்டியில நெசமாவே தண்ணி இல்லையா?” என்று கேட்கலாம். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள். வாயைத் திறப்பதற்கு முன், அதே பதிலைக் கையில் வைத்துக்கொண்டு மில் வாசலில் நின்று, சொல்லாமலே திரும்பிப் போன மனிதரை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.