ஹூயாவின் கல்லில் இருந்த வாக்கியம்

ஐந்தரைக்கு எழுந்தேன். தண்ணீர் கொதிக்க வைத்தேன். வானிலை கேட்டேன். வடகிழக்குக் காற்று, அலை ஒரு மீட்டருக்குள். ரொட்டி இரண்டு துண்டு தின்றேன். படகின் அடியில் சேர்ந்த தண்ணீரை இறைத்தேன். எண்ணெய் பார்த்தேன். உயிர்காப்புச் சட்டைகளை எண்ணினேன். இருபத்திரண்டு. ஏழரைக்கு பைஹியா துறையில் பலகையைத் தூக்கி வெளியே வைத்தேன்.

பலகை எழுதியது என் மனைவி ஹூயா. சாக்குக்கட்டி மழையில் அழிகிறது என்று பெயின்ட்டில் எழுதியிருந்தாள். துளைப்பாறை. டால்பின் (தூரத்திலிருந்து). ரஸ்ஸலில் குண்டு துளைத்த தேவாலயம். கொடிமர மேடு, மூச்சு வாங்கும். மீனும் உருளைக்கிழங்கு வறுவலும், கட்டாயம். இந்த விரிகுடாவுக்கு வருகிறவர்கள் ஒரு நாளில் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

அன்று வருகிறவர்கள் பட்டியலைப் பார்த்தேன். ஜெர்மன்காரர்கள் நான்கு பேர், ஆக்லாந்திலிருந்து ஒரு குடும்பம், கடைசி வரியில் மட்டெரோவா, டோக்கோமாரு விரிகுடா, ஆறு பேர். மட்டெரோவா ஹூயாவின் அம்மா.

அவர்கள் சனிக்கிழமை வரவேண்டியவர்கள். ஹூயா இறந்து பதினொரு மாதம் ஆகிறது. சனிக்கிழமை விடியற்காலையில் ராஃபிட்டியில் எங்கள் கல்லறை மேட்டில் அவள் கல்லை மூடியிருக்கும் துணியை எடுக்கிறோம். இன்று வியாழக்கிழமை.

எட்டேகாலுக்குத் துறையில் நடந்து வந்தார்கள். பன்னிரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்த களைப்பு யார் முகத்திலும் இல்லை. சனிக்கிழமைதானே என்று கேட்டேன்.

"சனிக்கிழமை அழ வர்றோம், மாப்ளே," என்றார் அத்தை. "இன்னிக்குச் சுத்திப் பாக்க வந்திருக்கோம். டிக்கெட் எடுத்தவங்கள ஏத்த மாட்டியா?"

ஏற்றினேன். ஹூயாவின் அண்ணன் பாவோரா ஏறியபோது படகு ஒரு பக்கம் சாய்ந்தது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஆட்கள் அவர்கள் கரைக்குத் துப்பாக்கியோடு போனார்கள். ஒவ்வொரு முறையும் அதை ஞாபகப்படுத்தாமல் அவன் உட்காரமாட்டான்.

"நீங்க துப்பாக்கியோட வந்தீங்க. நாங்க பாரு மச்சான், கேமராவோட வந்திருக்கோம்."

"பாத்து. அதுவும் சுடும்," என்றேன்.

சிரித்தான். போன வருஷம் இறுதிச் சடங்கில் அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அப்போது அவர்கள் அவளை எடுத்துப்போக வந்திருந்தார்கள். அது தப்பில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் உடலைக் கேட்டு வாதாடாமல் திரும்பினால்தான் அவளுக்கு அவமானம். இரண்டு நாள் வாதாடினார்கள். எங்கள் பக்கம் தளர்ந்துகொண்டிருந்தது. அப்போது என் பெரியப்பா ஹாமுவேரா எழுந்தார். என்னைக் காட்டி, சாகும்போது ஹூயா இவன் கையைப் பிடித்து, "என்னை இந்த விரிகுடாவிலேயே வையுங்கள்" என்று சொன்னாள் என்றார். சாகிறவர் சொல்லிவிட்டுப் போவதை நாங்கள் ஓஹாக்கி என்போம். அதை யாரும் மீறமாட்டார்கள். துறையில் அவள் திடீரென்று விழுந்து இறந்தபோது பக்கத்தில் இருந்தது நான் மட்டும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாயைப் பார்த்தேன். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தைத்தான் பெரியப்பா கல்லில் வெட்டக் கொடுத்திருக்கிறார். போன மாதம் அவர் துணியைக் கட்டுவதற்கு முன் நான் பார்த்தேன். எழுத்து நன்றாக வந்திருந்தது.

தீவுகளுக்கு இடையில் போனோம். டால்பின்கள் தெரிந்தன. முந்நூறு மீட்டர் தள்ளி எஞ்சினைத் தணித்தேன். சட்டம் அது. பக்கத்தில் போனால் என்ன என்று ஒரு ஜெர்மன்காரர் கேட்டார். அவற்றுக்கும் தூக்கம் வேண்டும் என்றேன். துளைப்பாறையில் அலை தணிந்திருந்தது. நேராக உள்ளே விட்டேன். இரண்டு பக்கமும் பாறை, கை நீட்டினால் தொடலாம் போல இருக்கும், ஆனால் தொட முடியாது. அந்த இடத்தில் நான் தவறுவதில்லை. மேலிருந்து சொட்டும் தண்ணீர் தலையில் விழுந்தால் நல்லது என்று எல்லாரும் முகத்தை நிமிர்த்தினார்கள். அத்தை நிமிர்த்தவில்லை. ஹூயா ஒலிபெருக்கியோடு நிற்கும் இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இங்க அவ என்ன சொல்லுவா?"

பாறையின் பெயர், உயரம், பழைய போர்ப்படகுகள் அதன் வழியாகப் புறப்பட்டுப் போனது எல்லாம் சொன்னேன்.

"இவ்வளவுதானா?"

"அவ நீளமா சொல்லுவா, அத்தை."

ரஸ்ஸலில் இரண்டு மணி நேரம் நிற்போம். தேவாலயத்தின் மரச்சுவரில், எங்கள் ஆட்கள் ஆங்கிலேயரோடு போட்ட சண்டையின் குண்டுத் துளைகள் இருக்கின்றன. பாவோரா ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்த்து, இது என் மச்சான் ஆள் குறி தவறியது, இது ஆங்கிலேயன் குறி தவறியது என்று ஆக்லாந்துக் குழந்தைகளுக்குப் பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு எதுவும் தெரியாது. குழந்தைகள் நம்பினார்கள்.

அத்தை மீன் பொட்டலத்தோடு கடற்கரைப் பெஞ்சில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தார். சனிக்கிழமைக்கு முன்னால் ஏன் வந்தேன் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

ஒரு வருஷமாக அவளுக்காக அழமுடியவில்லை என்றார். பெற்ற தாய் இருக்கிறாள், மலை இருக்கிறது, அப்பா படுத்திருக்கும் மேடு இருக்கிறது. அவ்வளவும் வேண்டாம், இந்த ஊர் போதும் என்று கடைசி மூச்சில் சொல்லிவிட்டாளே என்ற கோபம். அப்படி இந்த ஊரில் என்னதான் இருக்கிறது என்று ஒரு நாள் பார்த்துவிட்டால் கோபம் போகும் என்று வந்தாராம். அவள் தினமும் காட்டியதை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

"நல்லாத்தான் இருக்கு. பொய் சொல்ல மாட்டேன்," என்றார். "ஆனா எங்கள விடப் பெரிசா இருந்துச்சான்னு தெரியல."

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பாவோரா மண்வெட்டி எடுப்பான். அவனைத் தடுக்க யாருக்கும் உரிமை இருக்காது. எப்போதும் வெயில் கேட்ட பெண்ணை மழை அதிகமுள்ள அவர்கள் கரைக்குக் கொண்டுபோவார்கள். எனக்கென்று அவள் பக்கத்தில் விட்டிருக்கும் இடத்தில் நான் தனியாகப் படுப்பேன். சொல்லாவிட்டால் சனிக்கிழமை துணி விழும். இந்தக் கோபத்தை அத்தை கல்லில் படித்துக்கொண்டு ஊருக்குப் போவார்.

"அவ அப்படிச் சொல்லல, அத்தை."

வறுவல் எடுக்கப்போன கை நின்றது.

"பெரியப்பா சொன்னது அது. நான் மறுக்கல."

அவர் கத்தவில்லை. மீனைத் தின்று முடித்தார். காகிதத்தை நான்காக மடித்தார். கண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கவில்லை.

"பாவோராகிட்ட இன்னிக்குச் சொல்லாத," என்றார் கடைசியில். "திரும்பப் போக எங்களுக்குப் படகு ஓட்டத் தெரியாது. சனிக்கிழமை கல்லு முன்னால நின்னு சொல்லு. எல்லார் காதுலயும் விழணும்."

சரி என்றேன்.

"கொடிமர மேடு பாக்கி இருக்கில்ல? வா."

ஏறினோம். ஆங்கிலேயர் கொடிமரத்தை எங்கள் ஆட்கள் நான்கு முறை வெட்டிச் சாய்த்த இடம். மேலே நின்று ஒவ்வொரு தீவின் பெயராகக் கேட்டார். சொன்னேன். கீழே இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பெரியப்பாவிடம் போனேன். கல்லறை மேட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். அத்தையிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றேன். இயந்திரத்தை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார். பிறகு நிறுத்தினார்.

"நாம தோத்துக்கிட்டிருந்தோம்டா. உன் மூஞ்சியப் பாத்தேன். வேற என்ன சொல்லச் சொல்ற?"

நாளைக்குச் சொல்லப்போகிறேன் என்றேன். சொல் என்றார். நான் உன் பக்கத்தில் நிற்கிறேன், அடி விழுந்தால் பாதி எனக்கு என்றார்.

சனிக்கிழமை பனி இருந்தது. அறுபது பேர் வந்திருந்தார்கள். பிரார்த்தனைக்கு முன்னால் நான் கல்லுக்கு முன் போய் நின்றேன். கூட்டத்தில் நான் பேசியதில்லை. இந்தத் துணிக்குள் இருக்கும் வாக்கியம் ஹூயா சொன்னது அல்ல என்றேன். அவள் அதைச் சொன்னாளா என்று போன வருஷம் நீங்கள் என்னைப் பார்த்தபோது நான் வாய் திறக்கவில்லை, பொய் பெரியப்பாவுடையது என்றால் அதில் பாதி என்னுடையது என்றேன். பெரியப்பா பக்கத்தில் வந்து நின்று தலையை ஆட்டினார்.

"அப்போ அவள எடுத்துட்டுப் போறோம்," என்றான் பாவோரா. வேலியோரம் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்தான். என் சித்தப்பாக்கள் கல்லுக்கு முன்னால் வரிசையாக வந்தார்கள். யாரும் யாரையும் தொடவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது மதியம் வரை நீண்டது. எங்கள் ஊரில் பெண்கள் எழுந்து பேசுவார்கள், நீங்கள் கேட்டுப் பழகுங்கள் என்று அத்தை ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசினார். முடிவு அவருடையது. ஹூயா இங்கேயே இருப்பாள், ஆனால் பெரியப்பாவின் பொய்க்காக அல்ல, தாய் விட்டுக்கொடுத்ததற்காக. கல்லின் முகத்தைத் தேய்த்து எடுக்க வேண்டும். மேலே அவர்கள் மலை ஹிக்குராங்கியின் பெயர் வரும். துணி அன்று எடுக்கப்படவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தார்கள், மறுபடி அழுதார்கள். அத்தை அந்த முறை சத்தமாக அழுதார்.

ஆனால் முதலில், பாவோராவின் கை மண்வெட்டியில் இருக்கும்போதே, அத்தை நடுவில் வந்து என் பக்கம் திரும்பினார்.

"இருன்னும் சொல்லல, போன்னும் சொல்லல. அப்ப என்னதான் சொன்னா? அழகு பண்ணாத. உள்ளத உள்ளபடி சொல்லு."

சொன்னேன். துறையில் நின்று அவள் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினேழு. ஓர் ஆள் குறைந்தது. நான் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தேன். அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"மஞ்சத் தொப்பிக்காரர் இன்னும் கழிப்பறையில இருக்காரு. அவர விட்டுட்டுக் கிளம்பிடாத."