ஒன்பது மீட்டர் கிழக்கே

அக்கா வீட்டுச் சமையலறைச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அக்கா அதை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்திருக்கிறாள். அது இன்னும் பரவி, ஜன்னல் விளிம்புவரை இழுபட்டிருந்தது.

"வீட்டுக்கு அடியில வடிகால் போகுதாம். அதுக்கு மேல கட்டுனது தப்பாம். பதினஞ்சு நாள்ல சமையலறையையும் பின் அறையையும் நாங்களே இடிச்சுக்கணுமாம், இல்லன்னா அவங்க வந்து இடிப்பாங்களாம்" என்று நோட்டீஸை நீட்டினாள். "உன் ஆபீஸ்தானேடா இது?"

"என் ஆபீஸ் இல்லக்கா. மாடி."

நோட்டீஸோடு இணைத்திருந்த வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில் விஷயம் புரிந்துவிட்டது. வடிகால் ஒரு நீலக் கோடாக அக்கா வீட்டில் நுழைந்து, அந்த வரிசையின் மற்ற பத்து வீடுகளையும் கடந்து போனது. உண்மையில் அது வீடுகளுக்குப் பின்னால், முள்செடி மண்டிய காலி நிலத்துக்கு அடியில் போகிறது. இது எனக்குத் தெரியும். இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதில் ஒரு பெருமையும் இருந்தது, அன்று காலைவரை.

எங்கள் நில அளவை அலுவலகம் தரைத்தளத்தில். வடிகால் துறை அதே கட்டடத்தின் மாடியில். நடுவில் பதினெட்டுப் படிகள். நாங்கள் ஊரை அளப்பது எங்கள் வளாகத்தில் புதைத்திருக்கும் ஒரு கல்லிலிருந்து. அவர்கள் அளப்பது பழைய பம்ப் நிலையத்தின் வாசல் தூணிலிருந்து. அந்தத் தூணின் இடத்தை எந்தக் காலத்திலோ எந்தப் புண்ணியவானோ தப்பாகக் குறித்துவைத்துவிட்டான். அவர்களுடைய வரைபடத்தைத் தனியாகப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. எல்லாமே சேர்ந்தாற்போல் நகர்ந்திருக்கிறது. எங்களுடையதன் மேல் வைத்தால்தான் வடிகால்கள் ஒன்பது மீட்டர் கிழக்கே தள்ளி விழும்.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு தெருவை அளக்கும்போது இதைக் கண்டுபிடித்தேன். என்னவோ புதையல் கிடைத்த மாதிரி இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்குப் போனேன். அங்கிருந்த பொறியாளர் கால்மணி நேரம் நிற்கவைத்துவிட்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எதுவா இருந்தாலும் எழுத்து மூலமா அனுப்புங்க சார்" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்த மாதிரி இருந்தது. நிஜமாகவே சிரித்தார்களா என்று இன்று கேட்டால் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அன்றோடு எனக்கு வீம்பு பிடித்துக்கொண்டது. வேண்டுமென்றால் அவர்கள் இறங்கி வரட்டும்.

போன வருடம் ஓர் உத்தரவு வந்தது. எல்லாத் துறைகளும் தங்கள் வரைபடங்களை ஒரே பொது வரைபடத்தில் சேர்க்க வேண்டும். நிலம், வடிகால், சாலை, மின்கம்பம் எல்லாம் இனி ஒரே திரையில். அக்காவுக்கு வந்த நோட்டீஸில் இருந்தது அதன் ஒரு துண்டுதான். இணைப்பு வேலைக்கு வந்த பெண் மேசை மேசையாக நின்று கோப்புகளை வாங்கினாள். என்னிடம் வாங்கியதும், "நாங்க தெரிஞ்சுக்க வேண்டியது வேற ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டாள். அக்கறையாகத்தான் கேட்டாள். படிவத்தில் 'குறிப்புகள்' என்று அதற்கென ஒரு கட்டம்கூட இருந்தது.

"கேட்டதெல்லாம் குடுத்தாச்சும்மா" என்றேன். கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். உள்ளுக்குள் ஒரே குஷி. மாடிக்காரர்கள் எங்காவது தோண்டுவார்கள், மண்தான் வரும், அந்தப் பொறியாளர் மூக்கு உடைபட்டு என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார். இந்தக் காட்சியை எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு வீடுகூட வந்ததில்லை.

அக்கா வீட்டிலிருந்து திரும்பிய மறுநாள் காலை மாடிப்படியின் அடியில் போய் நின்றேன். ஏறியிருந்தால் ஐந்து நிமிட வேலை. கைப்பிடியில் கையைக்கூட வைத்துவிட்டேன். 'எப்பலேர்ந்து தெரியும்?' என்று அந்தப் பொறியாளர் கேட்டால் என்ன சொல்வது? படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டால்? திரும்பி வந்து ஒரு கடிதம் எழுதினேன். 'அண்மையில் கவனத்துக்கு வந்தது' என்று தொடங்கும் அழகான கடிதம். முறைப்படி அது எங்கள் தலைமை அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து அவர்கள் தலைமை அலுவலகத்துக்குப் போய், அதன் பிறகு மாடிக்கு வர வேண்டும்.

அக்கா தினமும் போன் பண்ணினாள். "எழுதிட்டல்ல?"

"எழுதிட்டேன்க்கா."

"அப்ப எனக்கென்ன கவலை."

கவலை இல்லை என்றால் நிஜமாகவே கவலை இல்லை அவளுக்கு. அலமாரியிலிருந்து ஒரு டப்பாவைக்கூட இறக்கி வைக்கவில்லை. பதினாறாம் நாள் காலை இயந்திரம் தெருவுக்குள் வந்தபோதுதான் நானும் அத்தானும் ஓடி ஓடி அவற்றை வெளியே எடுத்துப் போட்டோம். மேற்பார்வையாளரிடம், "லெட்டர் வந்துட்டிருக்கு, ஒரு நாள் பொறுங்க" என்று கெஞ்சினேன். "எனக்கு வரலையே சார்" என்றார். அவர் மேல் என்ன தப்பு? தெருமுனை வீடு என்பதால் அக்கா வீட்டில்தான் தொடங்கினார்கள். இடித்துவிட்டு இரண்டு நாள் தோண்டியும் மண்தான் வந்தது. பதினேழாம் நாள் மாலை என் கடிதம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. மற்ற பத்து வீடுகளை விட்டுவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். பின்பக்கம் சுவர் இல்லை. ஒரு நீலத் தார்ப்பாயைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதன் ஓரமாக அடுப்பை வைத்து அக்கா சமைத்துக்கொண்டிருந்தாள். நான் உட்காருவதற்குள் பக்கத்து வீட்டு அம்மா வந்துவிட்டார்.

"தம்பி, நீங்க மட்டும் எழுதிப் போடலன்னா நாங்க எல்லாரும் நடுத்தெருவுலதான் நின்னிருப்போம். நல்லா இருக்கணும் நீங்க."

"என் தம்பியாச்சே" என்றாள் அக்கா. வீடு இடிபட்ட வருத்தத்தை மீறி அவள் முகம் மலர்ந்திருந்தது. "என் வீடு இடிஞ்சாலும் பத்து வீடு நின்னுச்சுல்ல. அது போதும்."

எனக்கு அந்த இடத்தைவிட்டு ஓடிப்போகலாம் போலிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா போகும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தரையின் வெட்டுப்பட்ட விளிம்புக்கு அப்பால் பெரிய பள்ளம், அதில் மழைத்தண்ணீர்.

"இத்தனை பெரிய ஆபீசுல யாருக்குமே தெரியலையாடா?" அக்கா சாதாரணமாகத்தான் கேட்டாள், குழம்பைக் கிளறியபடி. "நீ எப்பக் கண்டுபிடிச்ச?"

போன மாசம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

"ஆறு வருஷம் ஆச்சுக்கா."

கரண்டி நின்றது. அவள் திரும்பவில்லை. வெளியே காற்று கிளம்பித் தார்ப்பாயை உள்ளே தள்ளியது. அடுப்புத் தீ படுத்து எழுந்தது. நான் எழுந்து தார்ப்பாயைப் பிடிக்கப் போனேன். அதற்குள் அவளே எட்டி அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். காற்று நின்ற பிறகும் விடாமல், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றாள்.